துறையிறங்கு படலம்: கப்பல் பயணியின் கடற்கரைத் தேர்வு குறித்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

வீடு கட்ட மனையடி சாஸ்திரம் இருக்கிறது. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே இருக்கிறது. ஆனால் உல்லாசக் கப்பலிலிருந்து காலை எட்டு மணிக்கு இறங்கி, மாலை ஐந்துக்குள் மறுபடி ஏறியாக வேண்டிய ஒருவர், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலுமாக எந்தக் கரையில் போய்க் குப்புற மிதப்பது என்பதற்கு மட்டும் இதுவரை ஒரு நூற்பாகூட இயற்றப்படவில்லை. கூட்டத்தோடு வந்திறங்கியவர் கூட்டமில்லாத இடம் தேடுவது முரண் அல்லவா என்று எடுத்த எடுப்பிலேயே தடை எழுப்புவோர் உண்டு. தேர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் தனியாகச் சாமி கும்பிட ஒருபோதும் ஆசைப்படாதவர்கள் அந்தத் தடையை எழுப்பட்டும். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

எல்லாத் துறைமுகங்களையும் ஆராய ஆயுள் போதாது. ஆகவே ஆய்வெல்லை ஒரே தீவு: கரீபியன் கடலின் தென்கோடியில், வெனிசுவேலாக் கரைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கே கிடக்கும் பொனேர். 2010 அக்டோபர் 10 முதல் அது நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. 2011 முதல் அங்கே செல்லுபடியாகும் நாணயமோ அமெரிக்க டாலர். மக்கள்தொகை 25,000 அளவில். தலைநகர் கிராலென்டைக்கின் நட்டநடுவிலேயே கப்பல் மேடை இருக்கிறது. மூவாயிரம் பேர் கொள்ளும் கப்பல்கள் இரண்டு ஒரே காலையில் வந்து நின்றால், அன்று தீவில் நடமாடுவோரில் ஐந்தில் ஒருவர் கழுத்தில் அறைச்சாவி அட்டையைத் தொங்கவிட்டவராக இருப்பார். இந்தச் சூழலில் அமைதி என்பது தானாகக் கிடைப்பதல்ல. தேடிக் கண்டடைய வேண்டியது.

இத்துறையின் தொன்மை பற்றி ஒரு சொல். யானை நீருக்கு மேல் தும்பிக்கையை நீட்டி மூச்சு விடுவதை, மூழ்குவோர் காற்று வாங்கக் கையாளும் கருவியோடு ஒப்பிட்டிருக்கிறார் அரிஸ்டாட்டில். ஆக, கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே மூச்சுக்குழலுக்குத் தத்துவஞானியின் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதை வாயில் கவ்விக்கொண்டவரின் முகத்தோற்றத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதைப் பெருந்தன்மை என்றே கொள்ள வேண்டும்.

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். ஆகவே முதல், கரு, உரி என்ற பழைய வரிசையிலேயே போவது முறை. முதலில் நிலம். பொனேர் தீவில் ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசுகிறது. அதனால் கிழக்குக் கரையில் அலை பாறையில் அறைந்து தெறிக்கும். மேற்குக் கரை காற்று மறைவில் குளம்போலக் கிடக்கும். அமைதி ஒன்றையே அளவுகோலாக வைத்தால் கிழக்குக் கரைக்குத்தான் முதலிடம் தர வேண்டும். பல இடங்களில் ஆள் அரவமே கிடையாது. அங்கே இறங்கியவர் ஏறி வருவது கடினம் என்பதே அதற்குக் காரணம். எனவே ‘அமைதி’ என்ற சொல்லுக்குத் ‘திரும்பி வரக்கூடிய அமைதி’ என்று உரை விரித்துக்கொள்வது உயிருக்கு நல்லது.

மேற்கு மறைவுக் கரை என்ற இந்த விதிக்கு இயற்கையே ஒரு புறனடை எழுதியிருக்கிறது. கரீபியன் சூறாவளிகள் கிழக்கிலிருந்து மேற்கே போவது வழக்கம். 1999 நவம்பரில் உருவான லென்னி மட்டும் மேற்கிலிருந்து கிழக்காக நடந்தது. சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கிறோம் என்ற நிம்மதியில் இருந்த பொனேரின் மறைவுக் கரையில் அது கிளப்பிய பேரலைகள் மோதி, ஆழமில்லாத இடத்துப் பவளங்களை உடைத்துக் கரையில் குவித்தன. ஆனாலும் ஒரு பகல்பொழுது மட்டும் தங்குகிறவருக்கு விதி விதிதான்: வண்டிக்காரர் கேட்டால் மேற்கு என்று சொல்ல வேண்டும்.

மேற்கில் எங்கே என்பதுதான் ஆய்வின் கரு. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், காரணம் மணல். கடற்கரை என்றதும் வெண்மணல் பரப்பு மனக்கண்ணில் விரிகிறது. கப்பல் நிறுவனங்கள் விற்கும் படங்களிலும் மணல்தான். ஆனால் மணலுக்கும் பவளத்துக்கும் ஒத்துவராது. பவளத்தின் இளவுயிரி ஒட்டி வளர அசையாத கெட்டித் தளம் வேண்டும். மணலோ நகர்ந்துகொண்டே இருப்பது, அலையில் கிளம்பித் தண்ணீரைக் கலக்குவது, சிறு பவளங்களை மூடிவிடுவது. பவளம் இல்லாத இடத்தில் மீனுக்கு வேலை என்ன? ஆகவே பஞ்சுபோல மணல் பரந்த கரையில் மூச்சுக்குழலோடு இறங்குகிறவர் பெரும்பாலும் தம் கால்விரல்களையே கண்டு மீள்கிறார்.

மணலின் பிறப்பு இன்னும் சுவையானது. கிளிமீன் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும்போது சுண்ணாம்பையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. தொண்டைக்குள் இருக்கும் இரண்டாம் பல்வரிசையில் அதை அரைத்து, வேண்டியதை உறிஞ்சிக்கொண்டு, மீதியை வெண்பொடியாகக் கழிக்கிறது. வெப்பமண்டலப் பவளத் தீவுகளின் வெண்மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான். ஆக, சாய்வு நாற்காலிக்குப் பணம் கட்டி மணலில் புரள்கிறவர், மீனைப் பார்க்காவிட்டாலும் மீனின் கழிவை நெருங்கிப் பழகியவர் ஆகிறார். பொனேர் 2010 இல் கிளிமீன் பிடிப்பதையே தடைசெய்தது. பாசி மண்டாமல் பவளம் பிழைக்க இந்த மீன் வேண்டும் என்பது காரணம்.

பொனேரின் பெரும்பாலான கரை மணலே அல்ல. செத்த பவளத் துண்டுகளும் கூர்ப்பாறையும் கலந்த மேடு. வெறுங்காலில் நடப்பது பிரார்த்தனை ஏதும் இல்லாதவருக்குத் தேவையற்ற வேலை. கெட்டி அடி வைத்த ரப்பர் செருப்பு வேண்டும். இந்தக் கரடுமுரடான கரையிலிருந்து நீந்தினால் சற்றுத் தூரத்திலேயே கடலடி சரிவாக இறங்கத் தொடங்குகிறது. அந்தச் சரிவின் விளிம்பில்தான் மீன்கள் கூடுகின்றன. இத்தீவைச் சுற்றிப் பதிவான மீன் இனங்கள் 350க்கு மேல். எனவே நூற்பா பின்வருமாறு அமையும்: உட்கார வசதி குறையக் குறைய ஆளும் குறைவர், ஆள் குறைந்த இடத்தில் மணல் இராது, மணல் இராத இடத்தில் மீன் இருக்கும். அமைதியான கடற்கரை தேடுகிறவர் கடற்கரையைக் கைவிட்டாலன்றி அது கிட்டாது.

இதற்கு ஊரே உதாரணம். விமான நிலையத்தை ஒட்டிய தே அமோ கரையில் மணல் இருக்கிறது, பக்கத்தில் சாப்பாட்டு வண்டி நிற்கும், கப்பல் நாளில் கூட்டமும் சேரும். கிராலென்டைக்குக்கு வடக்கே ‘ஆயிரம் படி’ என்ற தலம். சுண்ணாம்புச் சரிவில் வெட்டிய படிகள். எண்ணிப் பார்த்தவர்கள் எழுபதை ஒட்டியே நிறுத்துகிறார்கள். எண்ணிக்கையில் பாடபேதம் உண்டு. முக்குளிப்போர் காற்று உருளையைச் சுமந்து ஏறும்போது ஆயிரமாகத் தெரிவதால் இப்பெயர் என்பது வழிவழி வரும் விளக்கம். மூச்சுக்குழல்காரருக்கு உருளைச் சுமை இல்லை என்பதால் அவருக்கு இருநூறு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் படிகளைக் குறையாகச் சொல்வோர் அவற்றின் பயனை உணராதவர்கள். குளிர்பானப் பெட்டியும் நாலு பேர் படுக்கும் விரிப்புமாக வருகிறவர்களை மேலேயே நிறுத்திவிடும் வடிகட்டி அது.

எந்தப் பாறைக்குப் பக்கத்தில் இறங்குவது என்று அலைய வேண்டியதும் இல்லை. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களில் முக்குளிக்கும் இடங்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். மைல்கல் தெரியும், மீன்கல் என்பது இத்தீவின் கொடை.

இனிக் கருப்பொருள். விலங்கு: தீவில் அவிழ்த்துவிட்டதுபோல் திரியும் கழுதை. பறவை: உப்பளத்து நீரில் நிற்கும் பூநாரை. மரம்: நெடுங்கள்ளி. உணவு: உப்பு விற்றுப் பெற்றது என்பது நெய்தலின் பழைய வழக்கு, பொனேரின் தென்முனையில் இன்றும் உப்பு வெண்குன்றுகளாகக் குவிந்து கப்பலேறுகிறது. அதே தென்கரையில், 1850ஐ ஒட்டி உப்பளத்து அடிமைகளுக்காகக் கட்டிய, நிமிர்ந்து நிற்க முடியாத கல்குடில்கள் அப்படியே நிற்கின்றன. சுற்றுலா வண்டிகள் அங்கே படம் பிடிக்க நிறுத்துகின்றன. கேலிக் கட்டுரையும் அந்த இடத்தில் கொஞ்சம் வாய்மூடி நிற்பது தகும். பறை மட்டும் எஞ்சுகிறது. துறைமுகத்தை ஒட்டிய மதுக்கடைகளின் ஒலிபெருக்கிதான் அது. அது காதில் விழும் தொலைவுக்குள் தேடும் அமைதி எதுவும் செல்லாது.

உப்பு ஏற்றும் மேடையின் தூண்களுக்கு இடையே நீந்துவது மிகச் சிறப்பானது என்பர்; தூண்களில் பவளமும் கடற்பஞ்சும் படர்ந்திருக்கும், நிழலில் மீன் கூட்டம் நிற்கும். ஆனால் சரக்குக் கப்பல் உப்பு ஏற்ற வந்துவிட்டால் அங்கே இறங்க அனுமதி இல்லை. கப்பலில் வந்தவரைக் கப்பலே தடுக்கும் இந்த நிலை, ஆய்வாளர்கள் தனி இயல் எழுதத் தக்கது.

எதிர்த்தரப்பாரின் வலுவான வாதம் க்ளைன் பொனேர். கிராலென்டைக்குக்கு எதிரே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் தட்டையாகக் கிடக்கும் ஆளில்லாத் தீவு. 1999 இல் தீவின் அரசு அதைத் தனியாரிடமிருந்து வாங்கி இயற்கைக்கே விட்டுவிட்டது. கடை இல்லை, கழிப்பறை இல்லை, பேருக்குத்தான் நிழல். மேலே சொன்ன நூற்பாவின்படி அது அமைதியின் உச்சமாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே ‘பெயரில்லாக் கரை’ என்ற பெயருடைய மணல் துண்டு இருக்கிறது. கடலாமைகள் முட்டையிடும் இடம். மணல் இருந்ததால் படகுகளும் வந்தன. கப்பல் நாளில் படகு படகாக ஆள் இறங்குகிறது. நூற்பா பொய்க்கவில்லை, மணல் தன் வேலையைக் காட்டிவிட்டது. ஆனால் அத்தீவைச் சுற்றிய மற்றக் கரையோரப் பவளங்களின் மேல் படகிலிருந்தே இறங்கி நீரோட்டத்தில் மிதந்து வருகிறவர்களுக்கு இந்த மறுப்பு பொருந்தாது. அவர்கள் புத்திசாலிகள்.

அமைதி என்பதே நீருக்கு மேலேதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முகத்தை நீரில் வைத்ததும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஓர் ஓசை கேட்கும். சொடுக்கு இறால்கள் கொடுக்கைத் தட்டும் சத்தம் அது. நடுவே கிளிமீன் பாறையைக் கறுக் முறுக்கென்று கடிக்கும். பவளப்பாறை நலமாக இருக்கும் இடத்தில் இந்த இரைச்சலும் கூடவே இருக்கும்.

இவ்வளவும் மிஞ்சியிருப்பதற்குக் காரணம் சட்டம். கடலாமை முட்டை எடுக்க 1961 இல் தடை. ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்க 1971 இல் தடை. 1979 இல் உயர்நீர்க் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றிய கடல் முழுவதும் பூங்கா. 1962 இல் பாய்மரக் கப்பலில் வந்து தங்கிவிட்ட அமெரிக்கரான கேப்டன் டான் ஸ்டூவர்ட், நங்கூரம் பவளத்தை உடைக்காமலிருக்க நிலையான மிதவைக் கட்டுகளுக்காக முன்நின்றவர்களில் ஒருவர். பூங்கா நீரில் இறங்கக் கட்டணம் உண்டு. கையுறை போடக்கூடாது; போட்டவர் தொடுவார் என்பது பூங்காவின் கணிப்பு, மனித சுபாவம் தெரிந்த கணிப்பு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் தடுப்புக் களிம்புகளுக்கு 2021 முதல் தீவில் தடை. 2023 இல் பவளத் திசு உதிர்நோய் அங்கே கண்டறியப்பட்டது. ஒரு தீவின் தண்ணீர் சொட்டும் கருவியோடு மறுநாள் அடுத்த தீவில் இறங்குகிற கப்பல் பயணி தம் முகக்கண்ணாடியைக் கிருமிநீக்கிக் கழுவுவது இதனால் கடமையாகிறது.

பொழுது பற்றிய இலக்கணம் சிறியதுதான், ஆனால் அதிகப் பேரைக் காவு வாங்கியது. கப்பலுக்கு ஒரு கடிகாரம், கரைக்கு ஒரு கடிகாரம். பொனேரில் கோடை நேர மாற்றம் இல்லை. குளிர்காலத்தில் ஃபுளோரிடாவைவிட ஒரு மணி முன்னால் இருக்கும். அங்கிருந்து கிளம்பிய கப்பல் தன் கடிகாரத்தைத் திருப்பாமல் வந்தால், தீவு நேரத்தை நம்பியவர் ஒரு மணி முன்னதாகவே வந்து நிற்பார். நட்டம் ஒரு மணி நேர மீன்கள். மெக்சிகோவின் கோசுமெல்லில் கதை தலைகீழ். 2015 முதல் அத்தீவு இருக்கும் மாநிலம் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் நிற்பதால், கோடையில் ஃபுளோரிடாக் கப்பலின் கடிகாரம் ஒரு மணி முந்தி ஓடும். கரையின் கோபுரத்தைப் பிடித்துத் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் கைபேசியில் நாலரை என்றால் கப்பலில் ஐந்தரை. கையில் பழைய முள் கடிகாரம் கட்டியவரே அங்கே அறிஞர்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். மாலையில், ஈரத் துணியும் துடுப்புச் செருப்புமாக மேடையில் ஒருவர் ஓடிவர, கப்பல் கட்டவிழ்த்து விலகும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான திணை இல்லை. வராதவரின் அறைப் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது கப்பல்களின் வழக்கம். அடுத்த துறைக்குப் போகும் செலவு பயணியுடையது. ஆனால் பொனேரை விட்டுக் கப்பல் குரசாவோவுக்குப் போகிறதென்றால், இரவெல்லாம் ஆடி அசைந்து காலையில்தான் சேரும். விமானத்தில் அதே தூரம் அரை மணி. தவறவிட்டவர் முந்தியே அங்கே போய்ச் சேர்ந்து, முகக்கண்ணாடியும் கையிலிருக்க, கப்பல் கூட்டம் இறங்குமுன் காலியாகக் கிடக்கும் கரையில் இறங்கலாம். இதையும் இரங்கல் என்றே கொள்வதா என்பதில் உரையாசிரியர்கள் உடன்படவில்லை. விமானச் சீட்டின் விலையைக் கேட்டவர்கள் மட்டும் ஆம் என்கிறார்கள்.