வெளிநாட்டுப் பதிப்புக் குடும்பத் தலைவன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சந்தில் உட்கார்ந்துகொண்டு நான் சீனாவை ஆண்டுவருகிறேன். மகன் விளையாடி அலுத்துப்போய்ப் பரணில் போட்ட பிளேஸ்டேஷன் 2 என் சிம்மாசனம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால், வீட்டில் எதை ஆள்கிறீர்கள் என்று கேட்டுவிடுவார்கள்.

விளையாட்டின் பெயர் 'ரொமான்ஸ் ஆஃப் த த்ரீ கிங்டம்ஸ்'. ஜப்பானின் கோயெய் நிறுவனம் 1985-ல் தொடங்கிய வரிசை இது; இன்னும் ஓயவில்லை. என்னிடம் இருப்பது பதினோராவது. பழைய மைத்தீட்டு ஓவியம்போல் மலையும் ஆறும் விரிகின்றன. நம் முறை ஒன்று முடிந்தால் ஆட்டத்துக்குள் பத்து நாள் கழியும். படையெடுப்பதைவிடப் பொருளாதாரமே பெரும்பாடு: தங்கம் சேர வேண்டும், தானியம் தீரக்கூடாது, தளபதிகளின் விசுவாசம் குறையக்கூடாது. விசுவாசத்துக்கு எண் உண்டு. அது சரிந்தால் எதிரி ஆசைகாட்டி ஆளை இழுத்துக்கொள்வான். தங்கம் கொடுத்தால் ஏறும். என் மூளைக்கு எட்டிய ஒரே அரசியல் தத்துவம் இதுதான்.

ஜப்பானில் இது 2006-ல் வந்தது. அதே ஆண்டில் 'பவர்-அப் கிட்' என்று ஒரு கூடுதல் தொகுப்பும் வந்தது. அதில் அடுத்தடுத்துள்ள கட்டடங்களை இணைத்துப் பெரிதாக்கலாம். ஆராய்ச்சி நடத்தித் தளபதிகளுக்குப் புதுத் திறமை கற்றுக்கொடுக்கலாம். 2007-ல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பில் இவையெல்லாம் கிடையாது. அந்தத் தொகுப்பு ஆங்கிலத்தில் வரவே இல்லை. ஆக, என் தளபதிகள் கற்றுக்கொள்ளாத வித்தையைக் கற்காமலே போய்ச்சேர வேண்டியதுதான். "உங்களை மாதிரியே" என்றாள் மனைவி. ஐம்பத்தாறு வயதில் கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டத் தெரியாதவன் இதற்கு என்ன பதில் சொல்வது?

மகனுக்குத்தான் கோபம். "பாதி கேமைத்தான்பா வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க" என்று பொருமினான். எனக்கு வரவில்லை. புதுச்சேரிக்காரனுக்கு இதெல்லாம் பரம்பரைப் பழக்கம். 1742-ல் துய்ப்ளேக்ஸ் பிரெஞ்சு கவர்னராக வந்தபோது முழுப் பதிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. 1746-ல் சென்னையையே பிடித்தோம் (அந்த ஊர்க்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் 'பிடித்தோம்' என்பதைச் சற்று அழுத்திச் சொல்வேன்). இரண்டே வருடத்தில், எங்கோ ஐரோப்பாவில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1761-ல் ஆங்கிலேயர் நம் ஊரைப் பிடித்துக் கோட்டையை இடித்தார்கள், திருப்பித் தந்தார்கள், 1778-லும் 1793-லும் மறுபடி பிடித்தார்கள். கடைசியாக 1814 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்சுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது, நிபந்தனையோடு: கோட்டை கட்டக்கூடாது, காவல் காக்கத் தேவையான அளவுக்குமேல் சிப்பாய் வைத்துக்கொள்ளக்கூடாது. சண்டை போடும் வசதியை மட்டும் உருவிவிட்டு, சிவப்புத் தொப்பிப் போலீசை விட்டுவைத்தார்கள். அந்தத் தொப்பி இன்றும் கடற்கரைச் சாலையில் நிற்கிறது.

எங்கள் வீட்டு உடன்படிக்கையும் ஏறக்குறைய அதே வாசகம்தான். சம்பளம் வந்த அன்றே கஜானா மனைவியிடம் ஒப்படைக்கப்படும். புதிதாக எதையும் கட்டக்கூடாது. நான் கட்டிய மாடித்தோட்டப் பந்தல் மழையில் இறங்கிய நாளிலிருந்து இது அமலில் இருக்கிறது. தெருமுனைக் குப்பைத் தகராறில் மட்டும், காவலுக்குத் தேவையான அளவு, குரல் உயர்த்திக்கொள்ளலாம்.

போன ஞாயிறு அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தானியமில்லாமல் படையை அனுப்பிவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன். "அரிசி இல்லாம யாராவது ஊருக்குப் போவாங்களா?" என்று ரிமோட்டைப் பிடுங்கினாள். (ரிமோட் இல்லை, கண்ட்ரோலர். திருத்த எனக்கு அதிகாரமில்லை.) படை திரும்பியது, வயல்கள் முளைத்தன, முணுமுணுத்த தளபதிகளுக்குத் தங்கம் போனது. சாயங்காலத்துக்குள் பக்கத்து நாட்டான் தூது அனுப்பிவிட்டான்.

பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். "எல்லாருக்கும் விசுவாசம் எத்தனைன்னு போட்டிருக்கே, உங்களுக்கு ஏங்க இல்ல?"

"நான் தலைவன். தலைவனுக்கு அது கிடையாது."

"அப்படியா?" என்று எழுந்துபோய், உள்ளேயிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளொன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "பெரிய மார்க்கெட்ல வஞ்சிரம் வாங்கிட்டு வாங்க. மிச்சத்த நீங்களே வச்சுக்குங்க."

செருப்பை மாட்டும்போதே எனக்குள் ஏதோ ஓர் எண் மளமளவென்று ஏறியது.