கூழ் மறக்கடித்த படலம்

மீனாட்சியம்மன் கையில் கிளி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடமும் இருக்கிறது. மரவள்ளி இலையில் உடம்பும் மாதுளம்பூவில் மூக்குமாகத் தினமும் புதிதாகக் கட்டப்படுகிற கிளி. இருவர் முகத்திலும் அப்படியொரு சாந்தம். கிளி வாங்கிய பிறகுதான் எனக்குக் காரணம் விளங்கியது. கல்லும் இலையும் கூழ் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுக் கிளி கேட்டது. நாலு மணி நேரத்துக்கொரு தரம், தெருமுனை இஸ்திரிக்காரர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கேட்டது.

பச்சைக்கிளி இல்லை. நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டுக்கிளியை வைத்துச் சீட்டெடுக்கும் ஜோசியர்கள் கண்ணில் படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இது சன் கான்யூர். கயானா, வட பிரேசில் பக்கத்து ஜாதி. அங்கே காட்டில் அருகிவிட்டது, இங்கே மதுரை மாடி வீடுகளில் பெருகிவிட்டது. இதற்கும் சட்டம் உண்டு. மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்தாக வேண்டும். "ரேஷன் கார்டுல பேரைச் சேர்க்கச் சொல்லி எத்தனை நாளா சொல்றேன், அதுக்கு நேரமில்ல. கிளிக்கு மட்டும் பதிவு" என்றார் அப்பா. ஆணா பெண்ணா என்று அந்தப் படிவத்தில் போட வேண்டுமே என்று விசாரித்தேன். இறகைப் பிடுங்கி டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியுமாம். எதற்கும் இருக்கட்டும் என்று சின்னு என்று பெயர் வைத்தோம்.

குஞ்சுகளைக் கூழ் மறக்காத பருவத்திலேயே விற்பது இந்த வியாபாரத்தில் வழக்கம். "கையால ஊட்டுனாத்தான் சார் உங்ககிட்ட ஒட்டும்" என்பார்கள். தானாகத் தின்னப் பழகிய பிறகு வாங்கினாலும் பொறுமையாகப் பழகினால் அருமையாக ஒட்டும். கடைசி ஒரு மாத உழைப்பை நம் தலையில் கட்டி, அதற்கும் நம்மிடமே காசு வாங்குகிற சாமர்த்தியம் இது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

உழைப்பு என்று சும்மா சொல்லவில்லை. ஃபார்முலா மாவை வெந்நீரில் கரைக்க வேண்டும். கூழின் சூடு நாற்பது டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். நாற்பத்துமூன்றைத் தாண்டினால் தீனிப்பை வெந்துபோகும். ரொம்ப ஆறினால் உள்ளேயே தங்கிப் புளித்துவிடும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, கலக்காத இடத்தில் ஒரு சொட்டு மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். அம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "உன்னையும் உன் தங்கச்சியையும் வளர்த்த கை இது" என்று கூழை ஒரு சொட்டு மணிக்கட்டில் விட்டு, "முப்பத்தொன்பதரை" என்றாள். தெர்மாமீட்டரும் அதையே சொன்னது. அதன்பிறகு அந்தக் கருவிக்கு வீட்டில் மதிப்பில்லாமல் போயிற்று.

ஊட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. பறவைக்கு உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கம் இறங்குகிறது. அதனால் அதன் இடது வாயோரமாக சிரிஞ்சை வைத்து வலப்பக்கம் பார்த்து விட வேண்டும். குஞ்சு தலையைக் குலுக்கிக் குலுக்கி வாங்கும்போது மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும், பயமில்லை. குலுக்காத வாயில் திணித்தால் கூழ் நுரையீரலுக்குப் போய்விடும், அவ்வளவுதான். வேண்டாதவன் வாயில் திணிக்காதே என்பது இங்கே உயிர்காக்கும் சட்டம்.

சிக்கல் இந்தச் சட்டத்தில்தான் வந்தது. எங்கள் வீட்டுப் பந்தியில் இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறித்தாலும் விரலிடுக்கு வழியாக ரசம் இறங்கும். அப்படிப்பட்ட வீட்டில், "சாப்பாட்டை மறுப்பதுதான் வளர்ச்சி, மறுக்கும்படி விடுங்கள்" என்று கால்நடை டாக்டர் சொல்லி அனுப்பினார். முதலில் மத்தியானக் கூழை நிறுத்து, பிறகு காலைக் கூழ், ராத்திரிக் கூழ் கடைசிவரை இருக்கட்டும். பட்டினி போட்டுப் பழக்காதே. பகலெல்லாம் முன்னால் தீனியைப் பரப்பி வை, அது கொத்தி விளையாடி, சிந்தி, மிதித்து, ஒரு நாள் தின்னும்.

கொத்தியது. சிந்தியது. மிதித்தது. தின்னத்தான் இல்லை. தீனிப்பை புடைத்து நிற்கும்போதே மத்தியானம் அம்மாவைக் கண்டால் இறக்கையைத் தளர்த்தி, தலையை ஆட்டி, மூன்று தலைமுறையாகச் சோறு காணாத குரலில் ஒரு புலம்பல். அம்மா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். நான் குளிக்கப் போன நேரத்தில் மத்தியானக் கூழ் ரகசியமாக நடந்திருக்கிறது என்பதை, அலகோரம் காய்ந்திருக்கும் மாவு காட்டிக்கொடுக்கும்.

ஊரிலிருந்து வந்த அத்தை, "இதுக்குப் போய் அலட்டிக்கிறீங்களே, பாலை மறக்கடிக்க என்ன பண்ணுவோம்? வேப்பெண்ணெயைத் தடவு" என்றாள். வாசல் மரத்தில் இதன் உள்ளூர்ச் சொந்தங்கள் வேப்பம்பழத்தை விருந்தாகத் தின்றுகொண்டிருந்ததைக் காட்டினேன். "சரி, மிளகாய்?" பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதே இல்லை, விதையை அவை தூரதூரமாகப் பரப்பட்டும் என்று செடி செய்துகொண்ட ஏற்பாடு போலும். தாய்க்குலத்தின் இரண்டு பிரம்மாஸ்திரங்களும் ஒரே காலையில் முறிந்து விழுந்ததில் அத்தை சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

தினைக்கதிரைக் கொடு என்றார் டாக்டர். கதிரோடு கட்டித் தொங்கவிட்டேன். குறிஞ்சி நிலத்தில் பரண்மேல் ஏறி நின்று கவண்கல் வீசி, ஆலோலம் பாடி, நம் பெண்கள் எந்தப் பறவையைத் தினைப்புனத்திலிருந்து விரட்டினார்களோ, அதன் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றின் முன்னால் மண்டியிட்டு, "ஒரே ஒரு மணிடா, என் கண்ணுல்ல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். வள்ளி பார்த்திருந்தால் கவணை என் பக்கம் திருப்பியிருப்பாள்.

இதில் அப்பாவின் வேலை எடை போடுவது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் கிராம் தராசில் ஏற்றி, தங்கம் விலையைக் குறிப்பதுபோல டைரியில் குறித்துக்கொள்வார். பறக்கத் துடிக்கிற பருவத்தில் எடை கொஞ்சம் இறங்குவது இயற்கை, பத்தில் ஒரு பங்குவரை பதறத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒரு கிராம் இறங்கிய அன்று அப்பாவுக்கு இட்லி இறங்காது.

கடைசியில் வழி பிறந்ததும் அவரால்தான். கிளி கூட்டமாகத் தின்கிற ஜாதி. பக்கத்தில் ஒருத்தர் ரசித்துத் தின்றால்தான் அதற்கும் அது தின்பண்டம் என்று தோன்றும். ஆக, யாராவது அதன் எதிரே உட்கார்ந்து முளைகட்டிய பாசிப்பயறு, வேகவைத்த காரட், முருங்கைக்கீரை, உப்பில்லாத சோளம் எல்லாவற்றையும் சப்புக்கொட்டித் தின்ன வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை. இதே பட்டியலை, சோளம் நீங்கலாக, அவருடைய டாக்டர் வருடக்கணக்காக எழுதிக்கொடுத்து, அதை அவர் வருடக்கணக்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து சலவைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அழுதும் அசையாத மனிதர், கிளிக்காக அசைந்தார். காலை ஏழு மணிக்குச் சின்னுவுக்கு எதிரே அமர்ந்து, "ம்ம்ம்... பிரமாதம்" என்று பாசிப்பயறை மெல்லுவார். நடிப்பு கொஞ்சம் மிகைதான். ஆனால் பார்வையாளர் அவர் உதட்டிலிருந்தே ஒரு பயறைப் பிடுங்கித் தோலுரித்துத் தின்றுவிட்டது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. காலைக் கூழ் போயிற்று. ஒரு ராத்திரி சிரிஞ்சை நீட்டியபோது சின்னு அதைக் கடித்துப் பார்த்து, தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்குப் பரம சந்தோஷம். அம்மாதான் மணிக்கட்டில் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள். "சூடு சரியாத்தானே இருக்கு? மாவுதான் பழசு" என்று தீர்ப்பளித்து, மிச்சமிருந்த டப்பாவை நன்றாக மூடி, அடுத்த கிளிக்கு ஆகும் என்று பரணில் வைத்தாள். அப்பாவின் அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அவருடைய டாக்டர் தன் புது மாத்திரைதான் காரணம் என்று நம்புகிறார். நாங்கள் கலைக்கவில்லை.

சின்னு இப்போது வளர்ந்து, பச்சை குறைந்து மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தகதகவென்றிருக்கிறது. பருவம் வந்த கிளி தனக்குப் பிடித்தவர்களுக்குத் தீனிப்பையிலிருந்து உணவை எடுத்து ஊட்டும். சின்னு தேர்ந்தெடுத்திருப்பது அப்பாவை. பேப்பர் படிக்கும்போது தோளில் வந்து உட்கார்ந்து, தலையைக் குலுக்கிக் குலுக்கி, அரைத்த சோளத்தை அவர் வாயோரம் கொண்டுபோய் வைக்கிறது. முகத்தைத் திருப்பினால் மீசையைப் பிடித்து இழுத்து மறுபடி வைக்கிறது. "வேணாம்னு சொன்னா புரியாதா இதுக்கு?" என்று அவர் அலறுகிறார்.

"குழந்தை ஆசையாக் குடுக்குது, ஒரு வாய் வாங்கிக்கிட்டாத்தான் என்ன?" என்கிறாள் அம்மா, அடுப்படியிலிருந்து.