எம்.ஏ. பொருளியல் படிப்பது எப்படி? கணக்குக்குப் பயந்தவர்களுக்கு ஆறு படிகள்

பி.ஏ. முடியப்போகிறது. "அடுத்து என்ன?" என்று கல்யாண வீட்டில் யாராவது மடக்குவதற்குள் பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். "எம்.ஏ. எக்கனாமிக்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தங்கம் விலை எப்போது குறையும் என்று விசாரிப்பார். "எல்லாம் டாலரைப் பொறுத்தது" என்று முணுமுணுத்தால் போதும், பாதி முதுகலைப் பட்டம் உங்கள் கையில். மீதிப் பாதிக்குக் கீழ்க்கண்ட படிகளில் ஏறவும்.

1. கணக்கை விட்டு ஓடுங்கள்

இது பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே செய்ய வேண்டியது. கணக்கில் மார்க் குறைந்தால், "பேசாம ஆர்ட்ஸ் குரூப்ல போடுங்க அண்ணே" என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு சித்தப்பா உண்டு. அவர் சொல்லைத் தட்டாமல் கணக்கில்லாத பிரிவில் சேருங்கள். அப்படியே பி.ஏ. பொருளியல். இனி வாழ்நாளில் கணக்கு கிடையாது என்று நிம்மதியாகத் தூங்குங்கள்.

2. பொருளியலின் நான்கு இலக்கணங்களை மூன்று முறை மனப்பாடம் செய்யுங்கள்

ஆடம் ஸ்மித் என்றால் செல்வ இலக்கணம், மார்ஷல் என்றால் நல இலக்கணம், ராபின்ஸ் என்றால் கிடைப்பருமை இலக்கணம், சாமுவேல்சன் என்றால் வளர்ச்சி இலக்கணம். பதினொன்றாம் வகுப்பில் ஒருமுறை, பி.ஏ. முதலாண்டில் ஒருமுறை, நேர்முகத் தேர்வுக்கு முந்தின இரவு ஒருமுறை. ஸ்மித்தின் நூல் 1776-இல் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். அதைத் திறந்து பார்த்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

3. பெரிய இடங்களாகப் பட்டியல் போடுங்கள்

முதலில் டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ். 1949-இல் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கியது, அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் நடத்திய இடம். அடுத்து இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கொல்கத்தாவிலோ டெல்லியிலோ இடம் கிடைத்துவிட்டால் மாதாமாதம் அவர்களே உதவித்தொகை தருவார்கள். இதை வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள், கடிதத்தைக் காட்டவும். மும்பை கோரேகாவில் ரிசர்வ் வங்கி நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில், லாரி பேக்கர் எழுப்பிய செங்கல் கட்டடங்களில், வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. "பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது" என்று அப்பா சொல்கிறாரா? கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ். 1993-இல் ராஜா செல்லையா தொடங்கியது. பட்டியல் போட எந்தத் தகுதியும் தேவையில்லை.

4. நுழைவுத் தேர்வில் இட்லி சாப்பிடுங்கள்

டெல்லி ஸ்கூலுக்கு இப்போது க்யூட் பி.ஜி. தேர்வு. புள்ளியியல் நிறுவனத்துக்கு அவர்களே நடத்தும் தேர்வு. கணக்குக்குத் தனித் தாள், பொருளியலுக்குத் தனித் தாள். பொருளியல் தாளைப் பிரித்ததும் மூச்சு வரும். அதற்குள்ளும் கணக்குதான் இருக்கிறது என்று தெரிந்ததும் நின்றுவிடும்.

கேள்வியின் சாயல் இது: கையில் 100 ரூபாய். இட்லி 5 ரூபாய், வடை 10 ரூபாய். இட்லி எண்ணிக்கையை வடை எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதே திருப்தி. அது உச்சத்தைத் தொட எதை எத்தனை வாங்க வேண்டும்?

நீங்கள் பென்சிலை எடுத்து சமநோக்கு வளைகோடு ஒன்றை அழகாக வரைந்து, அச்சுகளுக்குப் பெயர் எழுதி, மார்ஷலை மேற்கோள் காட்டுவீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். மார்ஷல் என்றால் அவருக்கு ஏதோ பேட்டரி கம்பெனி. வகைக்கெழு எடுத்து நாலே வரியில் பத்து இட்லி, ஐந்து வடை என்று முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார். பத்து இட்லி தின்றவன் வடையைத் தொடுவானா என்று குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைக் காட்டி வாதாட வேண்டாம். விடைத்தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

இதில் ஒரு நயம் உண்டு. புள்ளியியல் நிறுவனத்தில் சேரப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். பொறியியல் படித்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது. மூன்று வருடம் பொருளியலே படித்த உங்களுக்கு, சித்தப்பாவின் புண்ணியத்தில், வாசலோடு சரி.

5. கரஸ்பாண்டன்ஸில் போடுங்கள்

இக்னோவில் எந்தப் பட்டதாரியும் எம்.ஏ. பொருளியல் சேரலாம். சேர்ந்த பிறகு பாடப்புத்தகப் பார்சல் வரும். பிரித்தால் அணி, நிகழ்தகவு, தொடர்புப் போக்கு. பார்சலை மறுபடி கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைக்கவும்.

6. வேலைக்கு மனுப் போடுங்கள்

"எம்.ஏ. முடிச்சா ஐ.ஏ.எஸ். எழுதலாம்" என்பார்கள். ஐ.ஏ.எஸ்ஸுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். பொருளியலில் முதுகலைதான் வேண்டும் என்று கேட்பது இந்தியப் பொருளாதாரப் பணி, வயது 21 முதல் 30 வரை. அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தலா 200 மதிப்பெண்ணில் நான்கு பொருளியல் தாள்கள். முதல் தாளிலேயே கணிதமும் புள்ளியியலும் காத்திருக்கும். கல்லூரியில் பாடம் நடத்த 55 சதவீதமும் நெட் அல்லது செட்டும் வேண்டும். மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக எம்.ஏ.வோடு பி.எட்டும் வேண்டும். அங்கே உங்கள் முதல் மாணவர் யார் தெரியுமா? கணக்கு வராது என்று ஆர்ட்ஸ் குரூப்பில் தள்ளப்பட்ட பிள்ளை.

கேலி போதும். கணக்குக்குப் பயந்தவர்களைப் பொருளியலுக்கு அனுப்பிவிட்டு, மேலே போனதும் கணக்குத் தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விடுவது பிள்ளைகளின் குற்றமல்ல. பெற்றோரே, பொருளியலில் ஆசையுள்ள பிள்ளைக்குக் கணிதமோ வணிகக் கணிதமோ உள்ள பிரிவைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பி.ஏ.வில் இருப்பவர்களே, வகைநுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு மூன்றும் ஒரு வருடத்தில் கைவரக்கூடியவை. புள்ளியியல் நிறுவனத்தின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம். அங்கே சேர முடியாவிட்டாலும் இறக்கிக்கொள்ளுங்கள். மற்றத் தேர்வுகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.