மச்சினன் கையில் கயிறு

எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் சண்டை மூண்டது ஒரு பித்தளைக் குடத்தால். அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் தெருக்குழாய் வரிசையில் நிற்கும் குடத்துக்கு மனுஷனைவிட மரியாதை அதிகம். அப்படிப்பட்ட எங்கள் குடம் அத்தை வீட்டுக்கு இரவல் போய், இடுப்பு நசுங்கித் திரும்பி வந்தது. "வரும்போதே நசுங்கித்தாம்ல இருந்துச்சு" என்றார் மாமா. அன்றோடு அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்றது.

ஆனால் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, திறந்துவிட்டால் இருவரும் ஒரே தோணியில் இருப்பார்கள். மாமா முத்துக் குளிப்பார். அப்பா கயிறு பிடிப்பார். கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கரையில் சொல்லிவரும் வழக்கு. கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவனுக்கும் மனசு வராது என்பது கணக்கு. சொந்தத் தம்பியிடம் கொடுக்கக் கூடாதா என்றால், அவனுக்குச் சொத்தில் பங்கு உண்டே! பெண் பார்க்கப் போகிறவர்கள், பெண்ணின் அண்ணன் தம்பிக்குக் கைப்பலம் எப்படி என்று விசாரிப்பார்களாம். இதைச் சொன்னவர் அப்பா. தன் கைப்பலத்தைப் பற்றி அவரே சொன்னது என்பதால் பாதியை நம்பலாம்.

மாமா கல்லில் காலை வைத்து இறங்குவார். ஒரு நிமிஷம் போல மூச்சுத் தாங்கும். அதற்குள் கடலடிப் பாரில் கிடக்கும் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுக் கயிற்றைச் சுண்டுவார். ஒரு சுண்டு என்றால் 'தூக்கு'. வருஷம் முழுக்க அவர்களுக்குள் நடந்த ஒரே பேச்சு அதுதான்.

1961 சலாபத்தின்போது எனக்கு ஆறு வயசு. முத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. நாற்றம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, புழு தின்ற மிச்சத்தைக் கழுவி அரித்தால்தான் முத்து. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு என்பார் அப்பா. நாற்றத்தை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை. முழுசும் ஊருக்கே கிடைத்தது.

அதுவே கடைசிச் சலாபம் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. 1928-க்குப் பிறகு 27 வருஷம் சும்மா கிடந்துவிட்டு 1955-ல்தான் மறுபடி திறந்திருந்தது. ஆகவே மாமா கணக்குப் போட்டார்: 1961, கூட 27, ஆக 1988. அப்பா கயிற்றைச் சுருட்டிப் பரணில் பத்திரப்படுத்தினார். "அவருக்காக இல்ல, அக்காவுக்காக" என்று ஒரு விளக்கம் வேறு.

இடையில் 1973-ல், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். ஊரே வியந்தது. மாமா முகத்தைச் சுளித்தார்: "அது ஆபரேசன் பண்ணிப் பொறந்த பிள்ளல்லா?" அடுத்த வருஷம் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகங்களின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கப்பலில் ஏறி மூட்டை அடுக்கும் வேலைக்கு மாமா போனார். அதுவரை கீழே போய்ப் பிழைத்தவர் ஏணியில் மேலே ஏறப் பழகிக்கொண்டார்.

1988 வந்தது, சலாபம் வரவில்லை. அந்த ஏமாற்றத்தில்தானோ என்னவோ, ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அத்தான், ஒரு நாள் நீங்க சுண்டினப்போ அந்தக் குடம் ஞாபகம் வந்துட்டு. ஒரு நொடி இழுக்காம நின்னுட்டேன்."

மாமா அப்பளத்தை நொறுக்கினார். "தெரியும்ல. அந்த ஒரு நொடியிலதான் ரெண்டு சிப்பி கூட எடுத்தேன்."

குடம் நசுங்கிய விஷயத்தைக் கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு வாயில் ரப்பர் குழாய். தோணியில் காற்று அனுப்ப கம்ப்ரஸர். மச்சினன் தயவு வேண்டாம். ஆனால் கம்ப்ரஸருக்கு அக்கா தங்கை கிடையாது என்பதை யோசித்தால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது. மச்சினன்மார் இன்று பிடிப்பதெல்லாம் கல்யாண வீட்டில் வீடியோவுக்குச் செல்போன்தான்.

சில வருஷங்களுக்கு முன், ஆகஸ்ட் 5 மாதா திருவிழாவுக்கு அத்தையின் பேரன் ஹைதராபாத்திலிருந்து வந்தான். பனியே பார்த்திராத ஊரில் பனிமய மாதா இருப்பது அவனுக்குச் சிரிப்பு. அவன் வேலை பார்க்கிற, கடலே இல்லாத ஊருக்கும் முத்து நகரம் என்றுதான் பேர் என்று நான் ஞாபகப்படுத்தினேன். அவன் சளைக்காமல் பையைத் திறந்து, ஆச்சிக்கென்று வாங்கி வந்த முத்துமாலையை எடுத்து நீட்டினான்.

எண்பது தாண்டிய அத்தை, மிச்சமிருந்த பல்லில் ஒரு முத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "நறநறங்குது. முத்துதான்" என்றாள். பிறகு மாலையை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு தரம் மோந்தாள்.

"ஆனா நாறலியேய்யா."