வசனம் சொன்னால்தான் வடை

பிள்ளைகளைச் சபையின் தலைவர்களாக உருவாக்குவது எப்படி என்று எங்கள் சேகரத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. ஜெபத்தில் தொடங்கி மட்டன் பிரியாணியில் முடிந்தது. பேசியவர்களிலேயே இளையவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். பிள்ளை ஒன்றுகூட உள்ளே இல்லை. சத்தம் போடுவார்கள் என்று வேப்பமரத்தடிக்குத் துரத்தியிருந்தார்கள். அங்கே அவர்கள் அணி பிரித்து, அம்பயர் வைத்து, தகராறு தீர்த்து, பந்து விழுந்த வீட்டுப் பாட்டியிடம் சமாதானம் பேச ஆள் அனுப்பி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தலைமைப் பண்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போயின. நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிள்ளைகளுக்கென்று ஒரு ஞாயிறு உண்டு. வேதபாடம் வாசிப்பது, காணிக்கை எடுப்பது, பிரசங்கம் பண்ணுவது எல்லாம் அன்றைக்கு அவர்களே. பிரசங்கத்தை எழுதுவது மட்டும் தாத்தா. ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரசங்க பீடத்தில் முக்காலி போட்டு ஏறி, “என்னுடைய நாற்பதாண்டு ஊழிய அனுபவத்தில்…” என்று ஆரம்பித்தான். சபை சிரிப்பை விழுங்கியது. அடுத்து, “இங்கே கண்ணாடியைக் கழற்றிச் சபையைப் பார்க்கவும்” என்றான். அதற்குமேல் விழுங்க முடியவில்லை. தாத்தாவுக்கோ பெருமை தாளவில்லை. “ஒரு எழுத்து விடலை, பாத்தீங்களா?”

இதைப் பயிற்சி என்கிறோம். பிள்ளை கையில் மைக்கைக் கொடுப்போம். சாவிக்கொத்து பொருளாளர் இடுப்பிலேயே இருக்கும்.

சாவியைக் கொடுத்துப் பார்த்த ஒரு குருவானவர் சென்னையிலேயே இருந்திருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியை ஏற்று நடத்தினார். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதையே தம் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். வாத்தியார்களிடம் அது நடக்கவில்லை. (நம் சபைக் கமிட்டி மனப்பான்மை அவ்வளவு பழையது.) பெல் சண்டை போடவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளை அவனிடம் ஒப்படைத்தார். அவன் நடத்திக்காட்டினான். 1797இல் பெல் இதை லண்டனில் புத்தகமாக அச்சிட, மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றுக்கும் போனது. மதராஸில் பிறந்த முறை திருநெல்வேலிக்கு வந்துசேரத்தான் இன்னும் பஸ் கிடைக்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றிய கருத்தரங்குகளில் வேதாகமத்துச் சிறுவன் சாமுவேல் கட்டாயம் வருவான். ஆண்டவர் கூப்பிட்டார், அவன் எழுந்து ஓடினான் என்பதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அந்த ராத்திரி அவனுக்குக் கிடைத்த செய்தி என்ன என்பதைச் சொல்லமாட்டார்கள். அது அவனை வளர்த்த ஏலியின் வீட்டுக்கு விரோதமான தீர்ப்பு! பிள்ளை கொண்டுவந்த முதல் செய்தியே பெரியவருக்குப் பாதகம். விடிந்ததும் ஏலி, “ஒன்றையும் மறைக்காதே” என்று வற்புறுத்திக் கேட்டு, கேட்டதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். மகன்களை வளர்த்ததில் அவர்மேல் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் அந்த ஒரு காலைப்பொழுதில் அவர் எங்கள் கமிட்டியைவிட மேல்.

போன கோடையில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் சிற்றுண்டிப் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் விட வேண்டியதாயிற்று. வழக்கமாகப் பார்க்கிற டீச்சருக்கு அம்மை. “முழுசா எங்கிட்ட விட்டாச் செய்றேன். நடுவுல வந்து ஆளாளுக்குச் சொல்லக் கூடாது” என்றாள். பொருளாளர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வடை எப்போதும் சபை ஐயர், கமிட்டி, டீச்சர்மார் என்று இறங்கி, உடைந்தும் ஆறியும் பிள்ளைகளிடம் வரும். இவள் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டாள். பிகினர்ஸ் வகுப்புக் குஞ்சுகள் முதலில், கமிட்டி கடைசியில். முணுமுணுப்பு எழுந்தது. அவள் காதில் வாங்கவில்லை. மறுநாள் இன்னொன்று செய்தாள். மனப்பாட வசனம் சொன்னால்தான் வடை என்பது பிள்ளைகளுக்கு நாங்கள் போட்டிருந்த பழைய சட்டம். அது எல்லோருக்கும் என்று அறிவித்தாள்.

செயலாளருக்கு அவசரமாக போன் வந்துவிட்டது. பொருளாளர் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் யோவான் 11:35ஐ எடுத்துவிட்டார். மொத்தமே மூன்று சொல்தான்.

“அது பிகினர்ஸ் வசனம், தாத்தா. செல்லாது.”

“நாளைக்குப் பெருசாச் சொல்லுதேன்மா. இப்ப வடையைத் தா.”

“கடன் கிடையாது தாத்தா.”

அவருக்குப் பின்னால் நின்ற ஐயர், கையிலிருந்த வேதாகமத்தை மெல்லத் திறந்து சங்கீதம் ஒன்றை ஒருதரம் பார்த்துக்கொண்டார். “ஐயரே, புத்தகத்தை மூடுங்க” என்று கவுண்டரிலிருந்து குரல் வந்தது.