நிற்கும் பலகையும் அதன் வாசகர்களும்

கடையின் நெற்றியில் ஆணியடித்து மாட்டப்படுவது பெயர்ப்பலகை. கடையை விட்டு இறங்கி வந்து, சாலையோரத்தில் தன் காலிலேயே நின்றுகொண்டு, போவோர் வருவோரை உள்ளே அழைப்பது நிற்கும் பலகை. முன்னது தேடி வந்தவருக்கு முகவரியை உறுதிப்படுத்துவதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிடும். பின்னதோ வேறு வேலையாகப் போகிறவரையும் வழிமறித்துத் தோசை சாப்பிடச் சொல்லும். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற நகரங்களிலும் உணவகம், நகைக்கடை, பூக்கடை, முடிதிருத்தகம் எனத் தொழில் தொடங்கும் தமிழர் பலர் இந்தப் பின்னதையே விரும்புகின்றனர். அது வாடிக்கையாளருக்காக வைக்கப்படுவது என்றும் மனப்பூர்வமாக நம்புகின்றனர். ஆயினும் ஒரு பலகையின் வாழ்க்கையை அதன் பிறப்பிலிருந்து கவனித்து வந்தால், வாசகர் வரிசையில் வாடிக்கையாளர் கடைசியில்தான் நிற்கிறார் என்பதும், அவருக்கு முன்பே உறவினரும் சைன்போர்டு கடைக்காரரும் மொழி அறிஞரும் மன்ற அதிகாரியும் காற்றும் அதை ஆளுக்கொரு விதமாகப் படித்து, ஆளுக்கொரு திருத்தம் சொல்லிவிட்டுப் போகின்றனர் என்பதும் விளங்கும்.

வாசகர்களைப் பற்றிப் பேசுமுன் வகைகளைச் சொல்லிவிடுவது முறை. இரண்டு பலகைகளைத் தலையில் கீல் போட்டு இணைத்து, கால்களை அகட்டி நிற்கவைப்பது ஏ-போர்டு. காலையில் கடையோடு திறந்து இரவில் கடையோடு மடங்குவதால் இதுவே எல்லாவற்றிலும் அடக்கமானது. ஒற்றைக் கம்பத்தின் உச்சியில் குறுக்குக் கம்பி வைத்து, 'பண்டிங்' என்று இந்நாட்டில் வழங்கும் நெடுக்குவாட்டு விளம்பரத் துணியை அதில் தொங்கவிடுவது டி-ஸ்டாண்டு. எண்ணெய் நிலையங்களின் வாசலில் விலைப்பட்டியலைச் சுமந்து இரண்டு மாடி உயரத்துக்கு நிற்பது பைலான். இதற்கு அடித்தளமும் பொறியாளரின் கையொப்பமும் வேண்டும் என்பதால் சிறு வணிகர் இதை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இவை எதிலும் சேராத தனி இனம் ஒன்றும் உண்டு: டயர் கடைகளின் முன் மின்விசிறிக் காற்றில் நிமிர்ந்தும் மடிந்தும் கைவீசி ஆடும் நீண்ட துணிப் பொம்மை. டிரினிடாட் நாட்டுக் கார்னிவல் கலைஞர் பீட்டர் மின்ஷல் 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காகக் கற்பனை செய்த உருவத்தின் வழித்தோன்றல் அது. ஒலிம்பிக் மேடையில் ஆடிய கலை இன்று டயர் மாற்றச் சொல்லி ஆடுவது வீழ்ச்சியா, மக்களிடம் வந்து சேர்ந்த வெற்றியா என்பதைக் கலை விமர்சகர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். கடைக்காரரைப் பொறுத்தவரை அது சம்பளமும் விடுப்பும் கேட்காத ஊழியர், மின்கட்டணம் கட்டினால் போதும்.

வகை முடிவானதும் வாசகம் எழும். வாசகம் எழுந்ததும் உறவினர் கூடுவர். கடையின் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று தொடங்கும் திட்டத்தில், வாழை இலைச் சாப்பாடு உண்டு என்று போடாவிட்டால் யாருக்குத் தெரியும் என மைத்துனர் கேட்க அது சேர்கிறது. கல்யாணத்துக்குக் கேட்டரிங் செய்து தரப்படும் என்பதைச் சித்தப்பா சேர்க்கிறார். மூன்று கைப்பேசி எண்களில் எதை விடுவது என்ற கேள்வி குடும்ப ஒற்றுமையைக் கருதி மூன்றையும் போடுவதில் முடிகிறது. மேலே பிள்ளையார், கீழே கியூஆர் குறியீடு, நடுவில் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் எந்தக் கடையிலிருந்து எடுத்தது என்று சொல்ல முடியாத ஒரு பிரியாணிப் படம். மூத்த மகள் மட்டும், இவ்வளவையும் யார் படிப்பார்கள் என்று கேட்கிறாள். அவள் படித்தவள் என்பதால் அக்கேள்வி மரியாதையுடன் புறக்கணிக்கப்படுகிறது.

அவள் கேட்டதற்கு விடை கணக்கில் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டரைக் கடந்துவிடும். ஓட்டுநர் அந்த மூன்று விநாடியையும் பலகைக்கே கொடுத்தாலும், ஓர் அங்குல உயர எழுத்து ஏறத்தாழ 30 அடி தூரம் வரைதான் தெரியும் என்ற தொழில் வழக்கின்படி, 50 மீட்டருக்கு அப்பால் இருந்து படிக்க எழுத்து ஐந்தரை அங்குலமாவது இருக்க வேண்டும். இரண்டடி அகலப் பண்டிங்கில் அந்த அளவுக்கு எழுதினால் வரிக்கு நான்கு எழுத்து நிற்கும். 'வாழை' ஒரு வரி, 'இலை' ஒரு வரி, 'சாப்பாடு' வருவதற்குள் வண்டி அடுத்த சிக்னலைத் தாண்டியிருக்கும். ஆனால் இக்கணக்கு பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனுக்கு முழுதும் பொருந்தாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் 2010 அக்டோபர் 27 அன்று லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்த அவ்வட்டாரத்தில், தீபாவளிக்கு முந்தைய மாலை நேரங்களில், ஓட்டுநர் மூன்று கைப்பேசி எண்களையும் மனப்பாடம் செய்து, பிரியாணிப் படத்தில் உள்ள முட்டை எத்தனை என்றும் எண்ணிவிடலாம். விளம்பரத்துக்குச் சாலை நெரிசல் செய்யும் தொண்டு இதுவரை எந்த மேடையிலும் பாராட்டப்படவில்லை.

இரண்டாம் வாசகர் சைன்போர்டு கடையின் கணினி முன் அமர்ந்திருப்பவர். அவர் தமிழைப் படிப்பதில்லை, படமாகப் பார்க்கிறார். தமிழ் எழுத்துகள் கணினியின் உள்ளே மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்துமாகச் சேமிக்கப்படுவதால், திரையில் அவற்றை உரிய இடத்தில் மாற்றி அமைத்துக் காட்டும் திறன் மென்பொருளுக்கு இருக்க வேண்டும். அத்திறன் இல்லாத, அல்லது இருந்தும் முடுக்கிவிடப்படாத மென்பொருளில் 'தோசை' என்ற எளிய பண்டம் படும் பாடு பெரிது: தகரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு அதன் பின்னே போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொள்ள, சகரத்துக்கு முன்னே வர வேண்டிய ஐகாரக் குறி வரிசையின் கடைசியில் ஆதரவின்றி நிற்கும். இப்படிச் சிதைந்த சொல் மூன்றடி உயரத்தில், மஞ்சள் பின்னணியில், சிவப்பு எழுத்தில் அச்சாகி வந்த பிறகே கடைக்காரர் அதைப் பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரிக்கு அவரே கட்டைவிரல் உயர்த்திச் சம்மதம் சொல்லியிருப்பதால், மறு அச்சுக்கு அவரே பணமும் கட்டுகிறார்.

மூன்றாம் வாசகர் அரசு. கோலாலம்பூரில் விளம்பரப் பலகைகளை ஆள்பவை கூட்டரசுப் பிரதேசத்துக்கான 1982ஆம் ஆண்டு விளம்பரத் துணைச்சட்டங்கள். துணைச்சட்டம் என்பது நாடாளுமன்றச் சட்டம் தரும் அதிகாரத்தின் கீழ் உள்ளாட்சி அமைப்பு வகுக்கும் விதி. பலகையில் தேசிய மொழியான மலாய் இருக்க வேண்டும், அதுவே முதன்மையாகத் தெரியவும் வேண்டும் என்பது விதி. பிற மொழிகள் அதன் பக்கத்தில் அளவோடு நிற்கலாம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் மாநகர் மன்றம் இவ்விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்தியபோது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரை அது விவாதப் பொருளாயிற்று. பலகையின் மலாய்ச் சொற்களைச் சரிபார்ப்பது 1956இல் தொடங்கப்பட்ட டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்னும் மொழி வளர்ச்சி நிறுவனம். 'காமுஸ் டேவான்' என்ற பேரகராதியைத் தந்த அதே நிறுவனமே முடிதிருத்தகத்தின் 'கெடாய் குந்திங் ரம்புட்'டில் எழுத்துப்பிழை உண்டா என்றும் பார்க்கிறது என்பதை நினைக்கையில், கவிஞர் பலருக்கும் கிடைக்காத பதிப்பாசிரியர் ஒரு முடிதிருத்துநருக்குக் கிடைத்திருப்பது தெரியும்.

மொழி சரியானாலும் நிலம் யாருடையது என்ற வினா எஞ்சும். கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகிறவர் ஒரே நேர்வழியில்தான் போகிறார். ஆனால் பலகை வைக்க நினைப்பவருக்கு அது கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று ஐந்து மாநகர் மன்றங்களின் ராஜ்ஜியம். கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகர் ஆனபோது, ஜாலான் தெங்கு கெலானாவின் துணிக்கடைகளும் பலகாரக் கடைகளும் தத்தம் இடத்திலேயே இருந்தபடி பதவி உயர்வு பெற்றன. இவற்றோடு 'ரிசாப் ஜாலான்' எனப்படும் சாலை ஒதுக்குநிலம் ஒன்றும் உண்டு. புல் முளைத்துக் கேட்பாரற்றுக் கிடப்பதாகத் தோன்றும் அந்த நிலத்துக்குக் கேட்பார் இருக்கிறார் என்பது பலகை நட்ட பிறகே தெரியவரும். அனுமதியின்றி வைத்த பலகைகள் மன்றத்து லோரியில் ஏற்றப்பட்டுக் கிடங்குக்குச் செல்கின்றன. அங்கே ஒட்டுக்கடை நாற்காலிகளுக்கும் குடைகளுக்கும் நடுவில், போட்டிக் கடைகளின் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சமரசமாகச் சாய்ந்து கிடக்கும்.

சட்டத்துக்குத் தப்பிய பலகையைக் காற்று விசாரிக்கிறது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும்; ஒரு சதுர மீட்டர் பலகையின்மேல் மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஏறத்தாழ 6 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்தினால், 72 கிலோமீட்டர் காற்று 12 அன்று, 24 கிலோவைச் செலுத்தும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழைக்கு முன் வரும் காற்றும், தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து மோதும் 'சுமத்ரா' என்ற புயற்காற்று வரிசையும் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவை. இதற்கு எதிராக உள்ளூர் பொறியியல் கண்ட விடை, காலியான பெயிண்டு வாளியில் சிமெண்டைக் கொட்டி நடுவில் இரும்புக் குழாயை நட்டுவிடுவது. பலகைக்கு அடித்தளமாகத் தொடங்கும் இவ்வாளி, பலகை பறந்துபோன பின்பும் ஓய்வு பெறாமல், கடை முன் முதலாளியின் காருக்கு இடம் பிடித்துவைக்கும் வேலைக்கு மாறுதல் பெறுகிறது. அதுவும் சட்டப்படி குற்றம் என்பதால், வாளி மட்டும் இருமுறை வழக்கைச் சந்திக்கிறது.

இவர்கள் எல்லாரையும்விட முக்கியமான வாசகர் ஒருவரைக் கடைக்காரர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து மலாயா முழுதும் பரவிய 'ஐந்தடி', அதாவது கடைகளின் முகப்பில் மேல்மாடியின் நிழலில் ஓடும் பொது நடைபாதை, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி மக்கள் நடப்பதற்காக ஏற்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் அதற்குக் கூடுதல் பொருளும் உண்டு. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் வெள்ளைக் கோலுடன் நடப்பவர்கள் அவ்வட்டாரத்தில் மிகுதி. அவர்களுக்காக நடைபாதைகளில் மஞ்சள் தொட்டுணர் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஜப்பானியரான செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகாயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட இக்கற்களில், நீளக்கோடு தொடர்ந்து நடக்கலாம் என்றும் புள்ளி நின்று கவனிக்க வேண்டும் என்றும் காலுக்குச் சொல்லும். துரதிருஷ்டவசமாக, ஏ-போர்டை நிறுத்த இடம் தேடும் கடைப்பையனின் கண்ணுக்கு நடைபாதையிலேயே மிக நேரானதும் எவரும் வண்டி நிறுத்தாததுமாகப் படுவது அந்த மஞ்சள் கோடுதான். அதனால் பலகையை நாளின் முதல் ஆளாகக் கண்டுபிடிப்பவர், அதில் உள்ள ஒரு வரியையும் படிக்க இயலாதவர். தேசிய மொழி பெரிதாக இருக்கிறதா, கொம்பு முன்னே நிற்கிறதா என்ற கேள்விகள் எழுமுன்பே அவருடைய முழங்கால் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அவருக்கு வழிவிட்டு, சுவரோரமாக ஒட்டி நிற்கும் பலகை மற்ற எல்லாரிடமும் பாதி வழக்கை வென்றுவிட்டது என்றே கொள்ளலாம். நடப்பவருக்கு இடைஞ்சல் இல்லாத பலகையை அதிகாரியும் அவசரமாக லோரியில் ஏற்றுவதில்லை, சுவரோரத்தில் காற்றும் சற்றுக் குறைவு.

கடைசி வாசகரான வாடிக்கையாளரோ, வேஸ் செயலி சொல்லும் வழியில் வந்து, அலுவலகத் தோழர் சொன்ன அடையாளத்தில் திரும்பி, வடை பொரியும் வாசனையை நம்பி உள்ளே நுழைகிறார். பலகையை அவர் பார்ப்பது பெரும்பாலும் கடை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கே. ஆகவே பலகையில் இருக்க வேண்டியவை கடையின் பெயர், தொழிலைச் சொல்லும் மலாய்ச் சொல், ஓர் அம்புக்குறி ஆகிய மூன்றே. கேட்டரிங், மூன்று கைப்பேசி எண்கள், பிரியாணிப் படம் முதலாக உறவினர் கேட்ட பிற அனைத்தையும் மேசைமேல் உள்ள மெனு அட்டையில் அச்சிட்டுவிடலாம். தோசை வரும்வரை அதைப் படிக்க வாடிக்கையாளருக்கு வேண்டிய நேரம் இருக்கும்.