ஐந்நூறு சார்

ஐந்நூறு சார் வீட்டுக்குப் போனால், உட்கார்ந்ததும் ஒரு கேள்வி வரும்.

“ஃபேன் போடட்டுமா?”

கல்யாணப் பந்தியில் இலையை மடித்துவிட்டவனிடம் ‘இன்னும் கொஞ்சம் சாதம்?’ என்று கேட்பார்களே, அந்த வகைக் கேள்வி இது. சரியான பதில் ஒன்றுதான். “வேண்டாம் சார், காத்து நல்லா வருது.” வேலூர் சத்துவாச்சாரியில், கத்திரி வெயிலில், மத்தியானம் மூன்று மணிக்கு, எந்தப் பக்கமிருந்து என்ன காற்று வருகிறது என்று யாரும் ஆராய்வதில்லை. புதிதாகக் குடிவந்த அறியாமையில் நான் மட்டும் ஒருமுறை “போடுங்க சார்” என்று சொல்லிவிட்டேன். போட்டார். தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை வாசல் வரை போனேன். திரும்பி வந்தபோது இறக்கை நின்று கொண்டிருந்தது. “நீங்க கிளம்பிட்டீங்கன்னு நினைச்சேன் தம்பி” என்றார். என் செருப்பு, பை, பெண்டாட்டி மூன்றும் அங்கேயேதான் இருந்தன.

இவரை உங்களுக்கும் தெரியும். ஊர் வேறாக இருக்கும், பனியன் இதேதான். அறையைவிட்டு நீங்கள் வெளியே வருவதற்கு அரை நொடி முன்பே விளக்கை அணைப்பவர். அதனால் நிலைப்படியில் கால் இடித்துக்கொண்டவர்கள் அந்த வீட்டில் அதிகம். குளியலறையில் ஆள் இருக்கும்போதே, ‘சத்தம் வரலையே’ என்று வெளியிலிருந்து சுவிட்சைத் தட்டிவிடுவார். உள்ளே இருந்து மருமகள் “மாமா!” என்று கத்துவது வாரத்துக்கு இரண்டு முறையாவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

அவருக்கு ஐந்நூறு என்று பெயர் வந்த கதைக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. சாருக்குத் தூக்கத்திலும் தெரிந்தது, 500-ஆவது படியில் பாசி பிடித்திருக்கிறது என்பது. அங்கே வழுக்கினால், வழுக்கிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது. ஏறி வந்த படிகளுக்கும் சேர்த்து வேறு விலைப்பட்டியல். 2022 வரை இருந்த கட்டணத்தில், சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் 1,130 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,786 ரூபாய் 60 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. ஒரு யூனிட் என்பது என்ன? ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடாக இருப்பது. அவ்வளவுதான்.

2018 கோடையில் சார் வீட்டு அட்டையில் 501 விழுந்தது. “510 வந்திருந்தாகூட மனசு ஆறியிருப்பார்” என்று அவர் மனைவி, டீச்சரம்மா, இன்றும் சொல்வார். கருவூலத்தில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்த மனிதர். ஒரு பைசா இடித்தாலும் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியவர். விட்டுவிடுவாரா? விசாரணை நடந்தது. பேரன் எத்தனை மணிக்கு டி.வி. பார்த்தான், கிரைண்டரில் மாவு எத்தனை நிமிடம் கூடுதலாக ஓடியது, யார் எந்தச் சட்டையை எதற்காக இரண்டு தடவை இஸ்திரி போட்டார்கள் என்று எல்லாம் எழுதப்பட்டது. கடைசியில் குற்றம், ஆரணியிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போன மச்சினர் தலையில் விழுந்தது. அவர் மே மாதத்திலும் வெந்நீரில் குளிப்பவர். தீர்ப்பு ஒருதலைப்பட்சமானது, மேல்முறையீடு கிடையாது. அதற்கப்புறம் ரீடிங் எடுத்த மறுநாள்தான் ஆரணிக்கு “எப்போ வர்றீங்க?” என்று போன் போகும். கடைசி வாரத்தில் மச்சினர் தாமாக வர விரும்பினால் டீச்சரம்மாவே ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துவிடுவார். உடன்பிறந்தவனின் மானம் அவருக்கு முக்கியம்.

2022 செப்டம்பரில் கட்டணம் மாறியது. 500-க்கு 1,725, 501-க்கு 1,958. பாசிப் படியின் தண்டனை 233 ரூபாயாகக் குறைந்துவிட்டது. நாங்கள் அவரை வாழ்த்தப் போனோம். மனிதர் வாடிப்போயிருந்தார். மொத்த பில் ஏறியதற்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். அது மட்டுமில்லை. வாழ்நாள் எதிரி திடீரென்று பல் கொட்டி, கோலூன்றி எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தார். இருந்தாலும் விடவில்லை. இன்றும் காலை ஆறு மணிக்கு மீட்டர் முன்னால் நின்று எண்ணைக் குறித்துக்கொள்கிறார். குறிப்பது நகைக்கடைக்காரர் கொடுத்த 2009-ஆம் வருட டைரியில். தாள் வீணாகக் கூடாது பாருங்கள். ஐந்நூறை அறுபதால் வகுத்து, நாளுக்கு எட்டே கால் யூனிட் சொச்சம் என்று வீட்டுக்குப் படி அளக்கிறார். ஐம்பத்தைந்தாம் நாள் 470-ஐத் தாண்டினால் நெருக்கடி நிலை அமலாகும். கிரைண்டருக்குத் தடை, கடையில் மாவு வாங்கிக்கொள்ளலாம். துணியெல்லாம் தெருமுனை கரிப்பெட்டி இஸ்திரி வண்டிக்கு. கீசர் சுவிட்ச் மேல் செல்லோ டேப். “மாடித் தொட்டித் தண்ணியே கொதிக்குதே, அதுக்கு மேல என்ன சூடு வேணும் உங்களுக்கு?”

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று சிமிட்டும், பார்த்திருப்பீர்கள். பார்த்திருந்தாலும் எதற்கென்று யோசித்திருக்க மாட்டீர்கள். அவர் வீட்டு மீட்டரின் முகத்தில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். இது தெரிந்த நாள்முதல் அவருக்குக் கேட்டைத் தாண்டிப் போகவே மனசில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பது போல வீட்டைப் படிப்பார். நொடிக்கு ஒன்று என்றால் இஸ்திரி. நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு என்றால் 2000 வாட் கீசர். “யாரு கீசரைப் போட்டது?” என்று தெருவிலிருந்தே குரல் வரும். மருமகள் முதலில் பயந்துபோனாள். மாமாவுக்கு ஏதோ சித்தி வாய்த்திருக்கிறது என்று தன் அம்மாவிடம் போனில் சொன்னாளாம்.

ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். சார் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தாகிவிட்டதாம். ஃபிரிட்ஜ், மகனுடைய வைஃபை பெட்டி, எல்லாம். ஆனாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு சிமிட்டுகிறது.

உள்ளே இருந்து டீச்சரம்மா கேட்டார்: “என்னங்க, திருடனா?”

“திருடன்தான். உள்ளேயே இருக்கான்.”

பன்னிரண்டரை மணிக்கு அகப்பட்டது. டி.வி.க்குக் கீழே இருந்த செட் டாப் பாக்ஸ். ரிமோட்டால் டி.வி.யை அணைத்தாலும் அது பாட்டுக்குப் பத்து வாட்டைக் குடித்துக்கொண்டு விழித்திருந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குப் பதினாலு யூனிட் சொச்சம். எட்டு வருடமாக அதன் எதிரில் உட்கார்ந்து செய்தி பார்த்தவர் அவர்! அந்த எட்டு வருடமும் அவர் மும்முரமாகச் செய்துகொண்டிருந்த காரியம், எல்லாருடைய செல்போன் சார்ஜரையும் பிளக்கிலிருந்து பிடுங்கி எறிந்தது. போன் மாட்டாத சார்ஜரை இரண்டு மாதம் அப்படியே விட்டாலும் அரை யூனிட் தேறாது. இதை நான் எடுத்துச் சொன்னபோது முகம் சுருங்கியது. எட்டு வருடம் தப்பான ஆளை அடித்துவிட்டோமே என்று போலீஸ்காரர் வருந்துவது போல, அங்கே தொங்கிய ஒரு சார்ஜரைத் தடவிக்கொடுத்தார்.

இதற்கு முன்னாலும் இப்படி ஆகியிருக்கிறது. பழைய பெட்டி ரெகுலேட்டர் காலத்தில், ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்து இருபது வருடம் வேர்த்தார். அந்தப் பெட்டியோ, ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் பெரும்பங்கைத் தன்னையே சூடாக்கித் தீர்த்துக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேர்த்தவருக்குச் சுவரைத் தொடத் தோன்றவில்லை. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்துதான் அந்தத் தியாகத்துக்குப் பலன் கிடைத்தது. 60 வாட் குண்டு பல்புகள் இருந்த இடங்களில் 9 வாட் எல்.இ.டி. போட்டதை மட்டும் முதல் ஆளாகச் செய்தார். செய்துவிட்டு, “இப்பதான் கம்மியா இழுக்குதே” என்று யாராவது எரியவிட்டால், அதையும் அணைத்தார்.

பெரிய யுத்தம் மகன் வாங்கிய ஏ.சி.யால் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியுள்ள ஏ.சி.க்கள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. மகன் நல்லெண்ணத்தில் இதை அப்பாவிடம் சொன்னான். அப்பா காகிதத்தில் கணக்குப் போட்டார். “அப்போ பதினேழு டிகிரி ஏத்தினா கரண்டே வேண்டாம். இருபத்திநாலும் பதினேழும் நாப்பத்தொண்ணு. அதான் வெளியிலேயே இருக்கே!” பிறகு 26-ல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுவது என்று சமாதானம் ஆனது. நியாயமான சமாதானம், எங்கள் வீட்டிலும் இப்போது அப்படித்தான். ஏ.சி. அறைக்குள் தாம் தூங்குவதில்லை என்று சார் சபதம். ஆனால் ராத்திரி பத்து மணிக்குத் தினமும் அவருடைய மூக்குக்கண்ணாடி அந்த அறையில்தான் காணாமல் போகிறது. இருபது நிமிடம் நிதானமாகத் தேடுவார். கண்ணாடி நெற்றியில் இருக்கும்.

போன வருடம் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றை அவரே வாங்கினார். பழையது 75 வாட், இது முப்பது. மூவாயிரம் சொச்சம் விலை. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டரை வருடத்தில் முதல் திரும்பும் என்று கணக்கு. “எனக்கு எழுபத்திநாலு தம்பி. அதுவரைக்கும் இருந்துட்டா லாபம்” என்றார். அதற்கு ரிமோட் உண்டு. ரிமோட் அவர் சட்டைப் பையில். குளிக்கும்போது எங்கே வைக்கிறார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ‘ஃபேன் போடட்டுமா’ என்று கேட்பதை இப்போது விட்டுவிட்டார். பையை லேசாகத் தொட்டுக்காட்டுகிறார், நாம் “வேண்டாம்” என்று தலையாட்ட வேண்டும்.

மீட்டருக்கு வெளியே நடக்கும் சிக்கனம் எதுவும் சாருக்குச் சிக்கனமே இல்லை என்பதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். கதவுக்குப் பின்னால் துவைத்து மடித்துத் தொங்கும் மஞ்சப்பைகள், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் அலம்பப்படும் வாசல், பேரனின் பழைய டவுசரில் தைத்த கைப்பிடித்துணி, எல்லாம் டீச்சரம்மா வேலை. அவர் இதற்கெல்லாம் பெயர் வைத்ததும் இல்லை, டைரி எழுதியதும் இல்லை. எழுதுவது ஒன்றே ஒன்று. புது சிலிண்டர் மாட்டிய அன்று சமையலறைக் காலண்டரில் தேதிக்கு மேல் ‘கேஸ்’ என்று பென்சிலால் குறிப்பார். ஒருநாள் அந்தக் காலண்டரைப் புரட்டினேன். ஐந்து பேர் உள்ள வீடு. ஒரு ‘கேஸ்’ஸுக்கும் அடுத்த ‘கேஸ்’ஸுக்கும் நடுவில் ஐம்பத்தொரு நாள். நாங்கள் மூன்று பேர், அதே 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு முப்பத்தைந்து நாளைத் தாண்டியதில்லை.

எப்படி என்று கேட்டேன். அப்பளம் பொரித்துக்கொண்டே சொன்னார். பருப்பை அரைமணி முன்னால் ஊறப்போடணும். சாதம், பருப்பு, காய் மூணையும் ஒரே குக்கர்ல அடுக்கிடணும். விசில் வந்ததும் நிறுத்திட்டா மிச்சத்தை அந்த ஆவியே பார்த்துக்கும். அடி ஈரமா இருக்கிற பாத்திரத்தை அப்படியே அடுப்புல வைக்கக் கூடாது, முதல்ல அந்த ஈரத்தைக் காயவைக்கத்தான் கேஸ் போகும். ஃபிரிட்ஜ்ல இருக்கிற பாலை முன்னாடியே வெளியில எடுத்து வைக்கணும். பர்னர் ஓட்டையை ஊசியால குத்தி விடணும், நெருப்பு நீலமா எரியணும், மஞ்சளா எரிஞ்சா பாத்திரத்துலதான் கரி. இதுல என்ன இருக்கு, எங்கம்மா விறகடுப்புலயே இப்படித்தான் பண்ணாங்க.

“இதெல்லாம் சாருக்குத் தெரியுமா டீச்சர்?”

வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். வெளியே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

“மெதுவாப் பேசுங்க. தெரிஞ்சா நாளையிலிருந்து அந்த ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து சிலிண்டர் பக்கத்துல உக்காந்துடுவார்.”